கடலடியிலிருந்து ஒரு சாட்சி

எங்கள் தீவில் அந்த ஒன்றரை வருடம் யார் என்ன தப்புச் செய்தாலும் பழி பூமியதிர்ச்சியின் தலையில்தான் விழுந்தது. பள்ளிக்குத் தாமதமாக வந்த வாத்தியார், "தரை ஆடிச்சு, படகு நின்னுபோச்சு" என்றார். பிலாவு சோற்றை அடிப்பிடிக்க விட்ட மருமகள், "ஆட்டத்துல வெளிய ஓடிட்டேன் அத்தை" என்றாள். மூன்று நாள் வீட்டுப் பக்கமே வராத ஒருவன், அதிர்ச்சியில் வழி தவறிவிட்டதாகச் சொன்னான். முப்பத்தைந்து வருடமாக நடந்த வழி! கேட்டவர்களும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். நாளைக்குத் தங்களுக்கும் அந்தச் சாக்கு தேவைப்படும் அல்லவா?

நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பழி மூட்டையில் ஆகப் பெரிய பொட்டலம் என்னுடையதுதான்.

என் பெயர் சாதுலி. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, பிரான்சின் கையில் இருக்கும் மயோத்தின் சின்னத்தீவில், பமாந்ஸி ஊரில் கொத்தனார். ஊரில் மரியாதையாக 'ஃபுந்தி' என்பார்கள். மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்க் கொத்தனார் யாருக்கு வேண்டுமானாலும் வீடு கட்டுவான். நாங்கள் கட்டுவது பெண்களுக்கு. எங்களில் ஒருவனுக்கு மகள் பிறந்தால் அன்றைக்கே கல் சேர்க்க ஆரம்பித்துவிட வேண்டும். கல்யாணத்தன்று மாப்பிள்ளைதான் தாளமும் பாட்டுமாக ஊர்வலம் வந்து பெண்ணின் வீட்டுக்குள் நுழைவான். நுழைந்தவன் அங்கேயே தங்கிவிடுவான். வீடு அவளுடையது. சண்டை வந்தால் பெட்டியைத் தூக்க வேண்டியது அவன். நானும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். என் மனைவி எஷாத்தி இருபத்தாறு வருடத்தில் இரண்டு தரம் என் பெட்டியை வாசலில் வைத்திருக்கிறாள். இரண்டு தரமும் மழை வந்தது. நனையுமே என்று நானே உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

ஊரில் நாற்பத்தொரு பெண்களுக்கு வீடு கட்டிய எனக்கு என் ஒரே மகள் ரஸ்மினாவின் வீட்டைக் கட்டத்தான் நேரம் வாய்க்கவில்லை. அஸ்திவாரமும் தூண்களும் மேல்தளமும் முடிந்து, சுவர் இல்லாமல் நான்கு வருடம் நின்றது வீடு. அதில் ஆடுகள் குடியிருந்தன.

"ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் சுவர் வெச்சாச்சு. நம்ம பொண்ணு மட்டும் சேலையைக் கட்டித் தொங்க விட்டுக் குடித்தனம் பண்ணணுமா ஃபுந்தி?" என்பாள் எஷாத்தி. அவள் என்னை 'ஃபுந்தி' என்று கூப்பிட்டால் அன்றைக்கு எனக்கு நல்ல சாப்பாடு இல்லை என்று அர்த்தம்.

பிறகு ரஸ்மினாவுக்கும் மின்சார வேலை செய்யும் கமர்தீனுக்கும் பேசி முடித்தார்கள். அடுத்த வருடம் ஆகஸ்டில் கல்யாணம். நான் வேகமாகச் சுவர் எழுப்பினேன். மூன்று பக்கம் முடிந்தது. நான்காவது பக்கம், சமையலறைச் சுவர் மட்டும் பாக்கி. அப்போது பார்த்துத் தீவு முழுக்க வேலைநிறுத்தம். சாலைகளில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பெரியதீவுக் குவாரியிலிருந்து எங்களுக்கு மணல் கொண்டுவரும் படகு ஆறு வாரம் வரவில்லை.

ஆறு வாரம் எஷாத்தியின் வாயைத் தாங்க என்னால் முடியவில்லை. ஏழாவது நாளே விடியற்காலையில் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு மோயாக் கடற்கரைக்குப் போனேன்.

ஆமை முட்டையிடும் கரை அது. மணலை அள்ளினால் அபராதம். அது போகட்டும். கடல் மணலில் சுவர் கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உப்பு சிமெண்டைத் தின்றுவிடும். சிப்பித் தூள் கலவையை ஒட்டவிடாது. இதைச் சந்தியில் நின்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். கடல் மணலில் கட்டிய ஒருவனை 'கொலைகாரன்' என்றே திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் பத்தொன்பது வண்டி அள்ளினேன். அந்த மணலில் சிமெண்ட் கல் அறுத்து, அந்த மணலில் கலவை போட்டு, சுவரை எழுப்பி, மேலே வழவழவென்று பூசிவிட்டேன். எஷாத்தி வந்து பார்த்து, "பரவாயில்லை, கைக்கு இன்னும் வயசாகலை" என்றாள். அன்றைக்கு மீன் பொரித்திருந்தாள்.

ஒரு மாதத்தில் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியது. நூல் அளவுதான். நான் யாரும் பார்க்காமல் பூசினேன். பிறகு பக்கத்தில் இன்னொன்று கிளம்பியது.

அப்போதுதான், மே மாதம், அல்லாஹ் எனக்காகவே அனுப்பியது போல பூமி ஆட ஆரம்பித்தது.

ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. ஒரே நாளில் முப்பது தரம் ஆடும். பாத்திரம் உருளும், கோழி கத்தும், ஜனங்கள் தெருவில் நிற்பார்கள். ஜின் என்றார்கள் சிலர். வெள்ளைக்காரன் கடலுக்கடியில் எண்ணெய் தோண்டுகிறான் என்றார்கள் சிலர். நான் பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்கு நடுவில் என் நெஞ்சில் ஒரு மூலையில் நிம்மதியும் இருந்தது. ஊரில் எல்லார் வீட்டுச் சுவரிலும் விரிசல் விழுந்துவிட்டது. திருவிழாக் கூட்டத்தில் கலந்துவிட்ட திருடனைப் போல என் விரிசல் அதற்குள் புகுந்துகொண்டது.

"பாரு, நிலநடுக்கம் என் சுவரை என்ன பண்ணியிருக்கு!" என்று நானே எஷாத்தியைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"ஐயோ பாவம், எவ்வளவு உழைப்பு" என்றாள் அவள். என் மேல் அவள் இரக்கப்பட்டது அந்த இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதை அனுபவிக்கக்கூட முடியவில்லை.

போகப் போக ஊருக்குப் பயம் தெளிந்து விளையாட்டாகிவிட்டது. ஆட்டம் வந்த உடனே ஆளாளுக்கு ஒரு எண்ணைக் கத்துவார்கள். பிறகு கைப்பேசியில் சரியான அளவு வரும். எஷாத்தி டம்ளர் தண்ணீரைப் பார்த்தே, "மூணு புள்ளி ஒம்போது" என்பாள். தப்பவே தப்பாது. மசூதிக்குப் போகிறவர்கள் அவளிடம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தச் சமயத்தில் எலோடி வந்தாள். பிரான்சிலிருந்து வந்திருந்த பூகம்ப ஆராய்ச்சிக் கூட்டத்தில் இருந்த பெண். எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்தவள். அதிர்ச்சியை அளக்கும் கருவி ஒன்றை வைக்க அவளுக்கு இடம் வேண்டும். நல்ல கான்கிரீட் தரை, ஆள் நடமாட்டம் இல்லாத வீடு.

"இல்லத்தின் உரிமையாளர் அவர்களே, தங்கள் அனுமதியை வேண்டுகிறேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அதெல்லாம் அவகிட்ட கேக்கணும்" என்று எஷாத்தியைக் காட்டினேன்.

"வெச்சுக்கம்மா" என்றாள் எஷாத்தி. "நாலு வருஷம் ஆடு இருந்த இடம். உன் பெட்டி சாணி போடாதில்ல?"

இப்படி ரஸ்மினாவின் வீட்டுக்கு முதலில் குடிவந்தது அந்தக் கருவி. பித்தளைச் செம்பு அளவுதான் இருக்கும். சமையலறை மூலையில் உட்கார்ந்து, எந்நேரமும் தரையை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வருடம் கழித்து, ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று போய்ச் சேதி கொண்டுவந்தது. எங்கள் தீவுக்குக் கிழக்கே ஐம்பது கிலோமீட்டரில், மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், கடலின் அடித்தரையில் ஒரு எரிமலை பிறந்திருக்கிறது. முன்பு அங்கே ஒன்றுமே இல்லை. இப்போது எண்ணூறு மீட்டர் உயரத்துக்கு மலை நிற்கிறது. எலோடி தெருவில் படம் விரித்து விளக்கினாள். மேலே ஒரு குமிழிகூட வரவில்லையே என்று கேட்டோம். அந்த ஆழத்தில் தண்ணீரின் பாரம் அப்படி. தீக்குழம்பு புகை விட்டுப் பொங்காமல், கல்லுக்கு நடுவில் கலவை பிதுங்குவது போல மெல்லப் பிதுங்கி, உடனே தோல் கட்டிவிடுமாம்.

"தங்கள் தீவின் அடியில் இருந்த தீக்குழம்பே அங்கு வெளியேறுகிறது. ஆகையால் தீவு ஏறக்குறைய ஒரு சாண் தாழ்ந்துவிட்டது" என்றாள்.

ஊருக்கே பெருமை பிடிபடவில்லை. ஜின் என்று சொன்னவர்கள்கூட, "நான் அப்பவே சொல்லலை?" என்றார்கள். எனக்கு மட்டும் பொறாமையாக இருந்தது. எண்ணூறு மீட்டர்! சாரம் கட்டவில்லை, தூக்குக்குண்டு பிடிக்கவில்லை, யாரும் நச்சரிக்கவில்லை. நான் மூன்று மீட்டர்ச் சுவரை ஒழுங்காகக் கட்ட முடியாமல் திண்டாடுகிறேன். அதோடு இன்னொன்றும் உறுத்தியது. எடுக்கக் கூடாத இடத்தில் அள்ளி இன்னொரு இடத்தில் கட்டினால், அள்ளின இடம் இறங்கத்தான் செய்யும். அந்த எரிமலையும் என்னைப் போலத்தான் வேலை பார்த்திருக்கிறது.

அந்தச் சுவரைப் பற்றி நான் கவலைப்படாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் ஒரு தரம், காலைத் தொழுகை முடிந்த கையோடு, உளியும் கரண்டியுமாகப் போய் விரிசலைக் கொத்திப் பூசிவிட்டு வருவேன். தூண்களும் மேல்தளமும் நல்ல மணலில் போட்டவை, அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. சுவர் மட்டும்தான். ஆனால் அந்தச் சுவரை ஒட்டித்தான் ரஸ்மினா அடுப்பு வைக்கப்போகிறாள். "இங்க நின்னா ஜன்னல்ல கடல் தெரியுது பாபா" என்று அவள் அங்கே நிற்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அவளை நகர்த்துவேன். நான் அந்தச் சமையலறையில் வாசல் நிலைப்படியை விட்டு உள்ளே உட்கார்ந்ததே இல்லை.

ஜூலையில் ஒரு நாள் எலோடி தனியாக என்னைப் பிடித்தாள். கப்பலில் போய்விட்டு அன்றுதான் கரையிறங்கியிருந்தாள்.

"ஃபுந்தி அவர்களே, ஒரு விந்தை. தங்கள் மகளின் இல்லத்தில் வாரந்தோறும் காலை ஆறு மணிக்கு ஒரு பூமியதிர்ச்சி நிகழ்கிறது. பிற கருவிகள் எவற்றிலும் அது இல்லை. டொக், டொக், டொக். நாற்பது நிமிடங்கள்."

மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பதைக் கேட்கிற பெட்டிக்கு என் உளிச் சத்தம் கேட்காதா? எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

"சின்னச் சின்ன வேலைம்மா" என்றேன். "என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத."

அவள் சிரித்து, "நான் எரிமலையை மட்டுமே ஆராய்கிறேன்" என்றாள். பிறகு துணிப்பையிலிருந்து கறுப்பாக ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தாள். உள்ளங்கை அளவு, கண்ணாடி போல மினுமினுப்பு. "புதிய மலையின் துண்டு. கல்யாணப் பரிசு. கவனம், இது பேசும்."

பேசியது. என் கையில் இருக்கும்போதே 'டப்' என்று வெடித்து, ஒரு பொடிச் சில்லு தெறித்தது. நான் கல்லைப் போட்டுவிடப் பார்த்தேன்.

"அஞ்ச வேண்டாம். அந்த ஆழத்தின் அழுத்தத்தில் காற்று உள்ளே அடைபட்டிருக்கிறது. மேலே வந்ததும் வெளியேற வழி தேடுகிறது. இரண்டொரு நாள் இப்படித்தான்."

மறுநாள் மத்தியானம், கமர்தீனின் அம்மா ஜூபெய்தா வீட்டைப் பார்க்க வந்தாள். கூடவே அவள் தங்கைகள் இரண்டு பேர். முகத்தில் சந்தனக் குழம்பு பூசி, புதுச் சலூவா உடுத்தி, நீதிபதிகள் போல வந்தார்கள். ரஸ்மினா மாம்பழச்சாறு கொடுத்தாள். எல்லாரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் நிலைப்படியில் நின்றேன்.

ஜூபெய்தா குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். முந்தின நாள் பூசிய இடத்தைக் கிழித்துக்கொண்டு விரிசல் மறுபடியும் சிரித்தது.

"ஃபுந்தி, இது என்னது?"

"அதுவா சம்பந்திம்மா? எல்லாம் அந்த எரிமலை பண்ற வேலை." தயாராக வைத்திருந்தேன், சட்டைப்பையிலிருந்து கல்லை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். "குற்றவாளியையே கொண்டாந்திருக்கேன் பாருங்க. கடலடியிலேர்ந்து வந்தது."

பெண்கள் குனிந்து பார்த்தார்கள். தங்கைகள் தொட்டுப் பார்த்தார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"எங்க வீடும் இதே தெருவுலதான் இருக்கு" என்றாள் ஜூபெய்தா. "எங்க வீட்டுல முடி அளவுதான் விரிசல். இதுல என் சுண்டுவிரல் போகுது."

"எரிமலையைப் பார்த்த பக்கம் இந்தச் சுவர். நேரா வந்து முட்டுது."

'டப்.'

எல்லாரும் கல்லைப் பார்த்தார்கள்.

"அது ஒண்ணுமில்ல, உள்ள காத்து இருக்கு" என்றேன்.

"யாருக்குள்ள?" என்று ஒரு தங்கை கேட்டாள். மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கலவையெல்லாம் சரியாத்தான போட்டீங்க?" என்றாள் ஜூபெய்தா.

"என் சொந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் கலவையில குறை வைப்பேனா?"

'டப். டப்.' ஒரு சில்லு தெறித்து என் சட்டையில் வந்து விழுந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எஷாத்தி கல்லைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவள் தண்ணீர் டம்ளரைப் பார்த்து அளவு சொல்லுகிறவள். என் முகம் எத்தனை புள்ளி எத்தனை என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும்.

ஜூபெய்தா டம்ளரை வைத்தாள். குரல் கடுமையாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஃபுந்தி, எனக்கு ஒரே பையன். அவன் இந்த வீட்டுக்கு வந்தா இனி இதுதான் அவன் வீடு. உங்க பொண்ணும் இந்தச் சுவர்கிட்டதான் நிக்கப் போறா. எனக்குக் கல்லும் தெரியாது, சிமெண்டும் தெரியாது. நீங்க 'வல்லாஹி, சுவர் கெட்டி'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எழுந்து போய் ஊர்வலத்துக்கு ஆள் சொல்லிடறேன்."

ஒரு வார்த்தைதான். வாயைத் திறந்தேன். எஷாத்திக்குச் சொன்ன பொய், ஊருக்குச் சொன்ன பொய், எல்லாம் கூழாங்கல் போல வழுக்கிக்கொண்டு வந்திருந்தன. இது மட்டும் அல்லாஹ்வின் பெயரில் போய்த் தொண்டையில் மாட்டிக்கொண்டது. ரஸ்மினா அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாபா சொல்லிவிடுவார் என்று அவளுக்கு நம்பிக்கை.

கல் பேசக் காத்திருக்கிறதோ என்று பார்த்தேன். அது பேசவில்லை. அது பேசியிருந்தால்கூடத் தேவலை.

"ரஸ்மினா, இந்தப் பக்கம் வா" என்றேன். "அந்தச் சுவர்ல சாயாத. அது கெட்டி இல்ல."

விரிசலுக்குள் நகத்தை விட்டேன். கலவை மாவு போல உதிர்ந்தது. அதிலிருந்து ஒரு சின்னச் சோழி விழுந்து மேசையில் உருண்டது. குவாரியில் சோழி விளையாது என்று அந்த ஐந்து பெண்களுக்கும் தெரியும்.

"மோயா மணல்" என்றேன். "பத்தொம்போது வண்டி. பூமி ஆடறதுக்கு ஒரு மாசம் முந்தியே விரிஞ்சிடுச்சு. எரிமலை ஒண்ணும் பண்ணலை. நான்தான் பண்ணினேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் எஷாத்தி மெதுவாக. "நீ கூடத்தையும் கோணலாக் கட்டிட்டு, கடலையும் கோணல்னு சொல்லியிருக்க."

"என்ன பாபா இது?" ரஸ்மினாவின் கண்ணில் தண்ணீர். "ஒரு வருஷமா நான் உங்களுக்காகப் பூமியையும் எரிமலையையும் திட்டிட்டிருந்தேன்."

அது எனக்கு நியாயமாகக் கிடைத்த அடி. நின்று வாங்கிக்கொண்டேன்.

ஜூபெய்தா எழுந்தாள். கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன். அவள் சோழியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செத்துப்போன என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பொய் சொன்னார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தானா ஒத்துக்கிட்டிருந்தா நான் பெட்டியை வெளிய வெச்சிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு எஷாத்தியிடம் திரும்பி, "ஞாயித்துக்கிழமை முசாதாவுக்கு எங்க வீட்டுலேர்ந்து பதினஞ்சு பேர் வருவாங்க. சோறு நீங்க போடுங்க" என்றாள்.

முசாதா என்றால் தெருவே கூடி ஒரு வீட்டு வேலையைக் கூலியில்லாமல் முடித்துக் கொடுப்பது. ஆனால் இதுவரை பெண் வீட்டுச் சுவரை இடிப்பதற்கு மாப்பிள்ளை வீட்டார் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

எஷாத்தி அன்று மாலையே என் பெட்டியை வாசலில் வைத்தாள். மூன்றாவது தரம். ஜூலை மாதம், மழைக்கு வழியே இல்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரஸ்மினாவின் வீட்டுக்குப் போய், அந்தச் சுவருக்கு எதிர்மூலையில் கருவிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். நாலாம் நாள் எலோடி வந்தாள்.

"ஃபுந்தி அவர்களே, தாங்கள் புரண்டு படுப்பதெல்லாம் பதிவாகிறது. உறக்கம் வரவில்லையா?"

"எத்தனை புள்ளி?" என்று கேட்டேன்.

ஞாயிறன்று நாற்பது பேர் கூடினார்கள். நான் திட்டி அனுப்பிய அந்தக் 'கொலைகாரன்' முதல் ஆளாகச் சம்மட்டியோடு வந்தான். "தள்ளுங்க ஃபுந்தி, இந்த வேலையில எனக்கு அனுபவம் உண்டு" என்றான். சிரித்துச் சிரித்து ஜனங்களுக்கு வயிறு வலித்தது. மூன்றாவது அடியிலேயே சுவர் பொலபொலவென்று இறங்கிவிட்டது. அப்போது சிரிப்பு நின்றது. குவியல் விழுந்த இடம், ரஸ்மினா அடுப்பு வைக்கக் கட்டிவைத்திருந்த மேடை. அது கண்ணுக்கே தெரியவில்லை. எஷாத்தி அந்தக் குவியலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு அண்டாவில் கிண்டிக்கொண்டிருந்த சோற்றைப் பார்க்கக் குனிந்துகொண்டாள். நானும் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. புழுதி என்று சொல்லவில்லை. பொய்க்கு அன்றோடு முழுக்குப் போட்டிருந்தேன்.

கமர்தீனும் வந்திருந்தான். ஊர்வலத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அதனால் அவன் வெளியிலேயே நின்று, சுவர் இருந்த இடைவெளி வழியாக ஒவ்வொரு கல்லாக நீட்டினான். உள்ளே நின்று வாங்கி வைத்தவன் நான். குவாரி மணலில் அறுத்த கல், குவாரி மணல் கலவை. சுவர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வரிசை வரிசையாக ஏறியது. நெஞ்சு உயரம் வந்தபோது ரஸ்மினா அந்தக் கறுப்புக் கல்லைக் கொண்டுவந்தாள்.

"இதையும் வெச்சுக் கட்டுங்க பாபா. அடுப்புக்கு மேல, என் கண்ணுக்கு நேரா."

"எதுக்கும்மா?"

"இந்த வீட்டுல இனி யாராவது பொய் சொன்னா தெரியணும்ல?"

"ஏ கமர்தீன், உனக்கும்தான்டா!" என்று யாரோ கத்தினார்கள். வெளியிலிருந்து, "அல்லாஹ்வே!" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. பெண்கள் மூங்கில் தாளம் தட்ட, கமர்தீன் தங்கக்கரை அங்கியும் தலைப்பாகையுமாகத் தெருவை அடைத்து ஊர்வலம் வந்தான். முந்தின நாள்தான் எலோடி கருவியை எடுத்துப்போயிருந்தாள். அத்தனை ஆட்டத்தையும் அது பதிவு செய்திருந்தால் உலகமே பயந்திருக்கும். எஷாத்தி என் பெட்டியை யாருக்கும் சொல்லாமல் உள்ளே எடுத்து வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை மகளைப் பார்க்கப் போனேன். வழக்கம் போல நிலைப்படியில் நின்றேன். ரஸ்மினா அந்தச் சுவரை ஒட்டி அடுப்பில் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். அப்போது தரை ஒரு குலுக்குக் குலுக்கியது. எண்ணெய் தளும்பியது. அவள் நகரவில்லை.

"மூணு புள்ளி ரெண்டு" என்றாள், அம்மாவைப் போலவே. பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். சிரிப்பு இல்லை. "பாபா, மேல்தளம் எந்த மணல்?"

"குவாரி மணல்."

இரண்டு பேரும் சுவரில் பதிந்திருந்த கல்லைப் பார்த்தோம். உள்ளே இருந்த காற்றெல்லாம் எப்போதோ போய்விட்டது, இனி அது பேசாது என்று எலோடி சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியும். ரஸ்மினாவுக்கும் தெரியும். இருந்தாலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும் கேட்டது.

கல் வாயைத் திறக்கவில்லை.

"சரி, உள்ள வந்து உட்காருங்க" என்று ரஸ்மினா தட்டில் வாழைக்காயை எடுத்து வைத்தாள். நான் போய் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, சூட்டோடு சாப்பிட்டேன்.